தலைவர் விலகிய மறுநாள்

ஒரு நிறுவனத்தை எழுப்பியவரின் பெருமையை, அவர் இருந்த காலத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அவர் கட்டிய கட்டடங்களையும், பெற்ற வெற்றிகளையும், அவரைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தையும் எண்ணிப் பார்த்து, "அவர் காலம் பொற்காலம்" என்று எழுதி வைக்கிறோம். ஆயின் வரலாறு அம்மனிதரைப் பற்றித் தன் தீர்ப்பைக் கூறும் நாள் வேறு. அவர் விலகிச் சென்ற மறுநாளே அந்த நாள். அன்று கதவைத் திறப்பவர் யார்? கணக்கேட்டைக் கையில் எடுப்பவர் யார்? நேற்று நடந்த பணி இன்றும் நடக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காத இடத்தில், பொற்காலம் என்பது ஒரு மனிதரின் ஆயுட்காலமாகச் சுருங்கிப் போகிறது.

இவ்வுண்மையை விளக்குவதற்கு அரச வம்சங்களின் கதைகள் ஏராளமாக உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அரண்மனையை அன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரையும், அந்நகரத்தின் கால்பந்துக் கழகம் ஒன்றையும். "விளையாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று வாசகர் வினவலாம். யாருக்குப் பின் யார் என்ற கேள்வியைப் பல்லாயிரம் எளிய மக்கள் தம் சொந்த வீட்டு வழக்காக எடுத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வாதாடி வந்திருக்கும் இடங்களுள் அக்கழகத்தின் மைதானமும் ஒன்று. மேலும், அதே நகரில், அம்மைதானத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், இஸ்லாமிய வரலாற்றுக்குரிய ஒரு கட்டடமும் நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் நம் ஊர்களுக்கும் உரியதே.

புரூம் டெரஸின் பள்ளிவாசல்

லிவர்பூலில் 1856 ஆம் ஆண்டு பிறந்த வழக்கறிஞர் வில்லியம் ஹென்றி குவில்லியம், மொராக்கோ நாட்டுக்குச் சென்று திரும்பிய பின் 1887 ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவியதை வெளிப்படுத்தி, அப்துல்லாஹ் குவில்லியம் ஆனார். 1889 டிசம்பரில் புரூம் டெரஸ் என்னும் தெருவின் எட்டாம் எண் வீட்டில் அவர் நிறுவிய தொழுகை இடம், இங்கிலாந்து மண்ணின் முதற் பள்ளிவாசல்களுள் வைத்து எண்ணப்படுவது. தொழுகை மட்டுமா? பாடசாலை ஒன்று நடந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு 'மதீனா இல்லம்' அமைந்தது. 'தி கிரெசென்ட்' என்னும் வார இதழும், 'தி இஸ்லாமிக் வேர்ல்டு' என்னும் திங்களிதழும் அங்கிருந்து வெளிவந்தன. கப்பலேறி வந்த இந்திய முஸ்லிம் மாலுமிகள் தம் மார்க்கத்தாரின் முகங்களை அந்நிய மண்ணில் கண்டு மகிழ்ந்த இடம் அது. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அவர்கள், குவில்லியம் அவர்களைப் பிரிட்டிஷ் தீவுகளின் ஷைகுல் இஸ்லாமாக அங்கீகரித்தார். கல்லெறிந்த கூட்டத்தையும் கேலி பேசிய நாவுகளையும் தாங்கிக்கொண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த விளக்கு எரிந்தது.

1908 ஆம் ஆண்டில் குவில்லியம் திடீரென நகரை விட்டு வெளியேறி இஸ்தான்புல் சென்றார். அவர் சென்றதன் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சென்ற பின் நடந்ததே நமக்குரிய செய்தி. இதழ்கள் நின்றன. சொத்துகள் கைமாறின. சில நூறு பேர் கொண்ட ஜமாஅத் சிதறியது. தொழுகை நடந்த கட்டடம் பின்னாளில் நகராட்சியின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகமாகப் பல்லாண்டுகள் இயங்கியது. வேறொரு பெயரில் இங்கிலாந்து திரும்பிய அவர் 1932 இல் காலமாகி, புரூக்வுட் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த பிக்தால் அவர்களும், அப்துல்லாஹ் யூசுஃப் அலி அவர்களும் பின்னர் அதே அடக்கத்தலத்தில் துயில்கொண்டனர்.

அப்பெருமகனாரின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயல். எனினும் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். பேச்சாளர், இமாம், இதழாசிரியர், சட்ட ஆலோசகர், புரவலர் ஆகிய அனைத்துமாக ஒரே மனிதர் நின்றார். அவர் நகர்ந்தபோது, இத்தனை இடங்களும் ஒரே நாளில் காலியாயின.

சுரங்கத்தொழிலாளியின் மைந்தர்

அப்பள்ளிவாசல் எழுந்த சில ஆண்டுகளில், அருகிலுள்ள ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஒரு வாடகைத் தகராறு முற்றியது. அங்கே விளையாடி வந்த எவர்ட்டன் கழகம், மைதானத்துக்கு உரிமை கொண்டாடிய ஜான் ஹோல்டிங் என்பாருடன் பிணங்கி வெளியேறிற்று. வெறும் மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றெண்ணிய ஹோல்டிங், 1892 இல் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, அக்கழகம் இரண்டாம் பிரிவில் தளர்ந்து கிடந்த காலத்தில், 1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி என்பவர் மேலாளராக வந்தார். ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்னும் சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். புதிய மேலாளர் வந்தால் பழைய பயிற்சியாளர்களை அனுப்பிவிட்டுத் தம் ஆட்களை நிரப்பிக்கொள்வது அத்தொழிலின் வழக்கம். ஷாங்க்லி அவ்வாறு செய்யவில்லை. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகிய பழையவர்களை அழைத்து, கழகத்துக்கும் ஒருவருக்கொருவரும் விசுவாசமாக இருப்பதாயின் அவரவர் இடத்திலேயே இருக்கலாம் என்றார். அந்த ஒரு முடிவின் பலனைக் கழகம் முப்பதாண்டுகள் அறுவடை செய்தது.

1962 இல் கழகம் முதற் பிரிவுக்கு ஏறிற்று. 1964, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டமும், 1965 இலும் 1974 இலும் எஃப்.ஏ. கோப்பையும், 1973 இல் யூ.இ.எஃப்.ஏ. கோப்பையும் கிட்டின. துறைமுகத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்த அந்நகரில் ஷாங்க்லி ஒரு மேலாளர் என்ற நிலையைக் கடந்து, வீட்டுப் பெரியவரைப் போல் ஆனார்.

1974 ஜூலை 12

அன்று அவர் விலகுவதாக அறிவித்தார். கோப்பை வென்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. வயது அறுபது. தெருவில் செல்லும் ரசிகர்களிடம் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் இச்செய்தியைச் சொன்னபோது, சிறுவர்கள் அதை நம்ப மறுத்து அவர் முகத்தையே பார்த்து நின்ற காட்சி பின்னாளிலும் பலமுறை ஒளிபரப்பாயிற்று. அவர் திரும்பி வராவிடில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆலைத் தொழிலாளர் சிலர் எச்சரித்ததாகவும் சொல்வர். யார் வருவார், எவரால் அந்த இடத்தை நிரப்ப முடியும் என்ற வாதம் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் நடந்தது.

கழக நிர்வாகிகள் வெளியே தேடவில்லை. 1939 இல் ஆட்டக்காரராகச் சேர்ந்து, பின் உடற்பயிற்சி வைத்தியராகவும் பயிற்சியாளராகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே கழித்துவிட்ட பாப் பெய்ஸ்லியை அழைத்தனர். அவரோ அப்பதவியை விரும்பவில்லை. மேடைப் பேச்சு வராதவர். முன்னவரைப் போல் கூட்டத்தைக் கட்டியாளும் சொல்வளமும் இல்லாதவர். முதலாண்டில் அவருக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. பின்பு எட்டுப் பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும், 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் அவர் தலைமையில் வந்து சேர்ந்தன. கட்டியவர் பெற்றதைவிடக் காத்தவர் பெற்றது மிகுதி!

இங்கே ஒரு சிறு செய்தி பெரும் பொருள் உடையது. ஷாங்க்லி விலகிய அதே நாளில், ஆர்சனல் கழகத்திலிருந்து ரே கென்னடி என்னும் முன்வரிசை ஆட்டக்காரர் விலைக்கு வாங்கப்பட்டு வந்து சேர்ந்தார். செல்பவர் வாங்கிய கடைசி ஆட்டக்காரரை, வந்தவர் ஒதுக்கிவிடவில்லை. அவரது திறனை வேறு கோணத்தில் கண்டு, இடப்புற நடுக்களத்தில் நிறுத்தினார். கென்னடி அவ்விடத்தில் நின்று அக்காலத்துச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரானார். முன்னவர் விட்டுச்சென்றதை அப்படியே பூசித்து வைப்பதும் பாரம்பரியம் ஆகாது. அனைத்தையும் கலைத்துவிட்டுத் தொடங்குவதும் புதுமை ஆகாது என்பதற்கு இது சான்று.

ஷாங்க்லியின் பிற்காலம் வருத்தத்துக்குரியது. விலகிய பின்னும் அவர் பயிற்சிக் களத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் பழைய பழக்கத்தில் அவரையே 'தலைவர்' என்று விளித்தனர். ஒரு களத்தில் இரு தலைவர் நிற்கவியலாது என்பதால், வரவேண்டாம் என்பது அவருக்கு நாசூக்காக உணர்த்தப்பட்டது. அது அவர் மனத்தைப் புண்படுத்திற்று. 1981 இல் அவர் காலமானார்; மறு ஆண்டில் மைதானத்தின் வாயிற்கதவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பதவியை விடுவது ஒரு கலை; விட்டபின் வாழ்வது அதனினும் அரிய கலை. அதை அவருக்குக் கற்பிப்பார் இல்லை; அவர் மனம் நோகாத ஓர் இடத்தை அமைத்துத் தரக் கழகமும் முனையவில்லை.

ஓர் அறையின் கதை

ஆன்ஃபீல்டின் பிரதான இருக்கை மேடைக்கு அடியில், ஆட்டக்காரரின் காலணிகளைத் தொங்கவிடும் சிற்றறை ஒன்று இருந்தது. 'பூட் ரூம்' என்பது அதன் பெயர். சன்னல் கிடையாது, காலிப் பெட்டிகளே ஆசனங்கள். ஆட்டம் முடிந்ததும் பெய்ஸ்லி, ஃபேகன், பென்னட், ரானி மோரன், பின்னர் டாம் சாண்டர்ஸ், ராய் எவன்ஸ் முதலியோர் அங்கே கூடுவர். எதிரணியின் மேலாளரையும் அழைத்து அமர்த்தி உபசரித்து, அவர் வாய்மொழியாகவே பல செய்திகளை அறிந்துகொள்வர். எந்த ஆட்டக்காரருக்கு எங்கே வலி, எவருடைய ஓட்டம் தளர்கிறது, அடுத்த பருவத்தில் எவரை விற்பது, எவரை வாங்குவது என்பன அங்கே பேசப்பட்டன. ஒவ்வொரு நாள் பயிற்சியும், அன்றைய தட்பவெப்பமும், ஆட்டக்காரரின் காயங்களும் குறிப்பேடுகளில் எழுதப்பட்டன. ஓராண்டில் காயங்கள் மிகுந்தால், முந்தைய ஆண்டுகளின் ஏடுகளைப் புரட்டி என்ன மாறிற்று என்று பார்ப்பர்.

ஆட்டக்காரரின் விற்றல் வாங்கலிலும் அந்த முன்யோசனை தெரிந்தது. ரசிகர்களின் கண்மணியாக இருந்த கெவின் கீகன், தாம் அயல்நாடு செல்லப்போவதாக ஓராண்டுக்கு முன்பே அறிவித்தார். ரசிகர்களுள் ஒரு சாரார் அவரை நன்றி மறந்தவர் என்றனர். ஒரு சாரார் அவர் உழைப்புக்கு வாழ்த்துக் கூறினர். கழகமோ அந்த ஓராண்டைத் தேடுதலுக்குப் பயன்படுத்திற்று. 1977 இல் கீகன் ஜெர்மனியின் ஹாம்பர்க் கழகத்துக்கு 5,00,000 பவுண்டுக்குச் சென்றதும், ஸ்காட்லாந்தின் செல்ட்டிக் கழகத்திலிருந்து கென்னி டால்க்ளிஷ் 4,40,000 பவுண்டுக்கு வந்தார். அடுத்த ஆண்டின் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றி கோலை அடித்தவர் அவரே. 1987 இல் இயான் ரஷ் இத்தாலிக்குச் சென்றபோதும் இதே முறைதான். அல்ட்ரிட்ஜ், பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி மூவரும் அவ்வாண்டிலேயே கழகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டனர். அடுத்த பருவத்தின் தொடக்கத்திலிருந்து 29 லீக் ஆட்டங்களில் கழகம் தோல்வி காணவில்லை.

1983 இல் பெய்ஸ்லி ஓய்வு பெற, அதே அறையிலிருந்து ஜோ ஃபேகன் எழுந்து வந்தார். முதற் பருவத்திலேயே மூன்று பெரும் கோப்பைகள்! 1985 மே மாதத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்செல் அரங்கில் 39 உயிர்களைக் கொண்டுபோன துயரத்தோடு அவர் பணி முடிந்தது. அதன்பின் டால்க்ளிஷ், ஆடிக்கொண்டே மேலாளரும் ஆனார். முதிர்ந்த பெய்ஸ்லி அவருக்கு ஆலோசகராக அமர்ந்தார். விலகியவருக்கு உரிய இடம் எது என்பதை, ஷாங்க்லிக்குத் தவறியதிலிருந்து கழகம் கற்றுக்கொண்டது போலும்.

மான்செஸ்டரின் இரு பாடங்கள்

பக்கத்து நகரான மான்செஸ்டரைப் பார்த்தால் இவ்வறையின் அருமை விளங்கும். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை 1945 முதல் வளர்த்து, 1958 இன் மியூனிக் விமான விபத்தில் தம் இளைஞர்களைப் பறிகொடுத்தும் தளராமல், 1968 இல் ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியவர் மாட் பஸ்பி. 1969 இல் அவர் விலகியதும் 31 வயதினரான வில்ஃப் மெக்கின்னஸ் அப்பொறுப்பை ஏற்றார். அவர் ஆணையிட வேண்டிய ஆட்டக்காரருள் சிலர் அவரோடு ஆடிய ஒத்த வயதினர். பஸ்பியோ பொது மேலாளர் என்ற பெயரில் அதே கழகத்தில் இருந்தார். புதியவர் பேச்சை யார் கேட்பார்? 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கப்பட்டு, பஸ்பியே மீண்டும் வந்து பருவத்தை முடித்துவைத்தார். 1974 இல், லிவர்பூலில் பெய்ஸ்லி பொறுப்பேற்ற அதே ஆண்டில், அக்கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று.

அதே கழகத்தில் 1986 முதல் 2013 வரை அலெக்ஸ் ஃபெர்குசன் 13 லீக் பட்டங்களை வென்றார். 2013 மே மாதத்தில் விடைபெறும்போது, புதிய மேலாளருக்குத் துணை நிற்குமாறு ரசிகர்களை அவரே வேண்டிக்கொண்டார். டேவிட் மோயஸ் அவர் தேர்ந்தெடுத்தவரே. ஆறாண்டு ஒப்பந்தமும் அளிக்கப்பட்டது. 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று எழுதிய பதாகையை ரசிகர்கள் அரங்கில் தொங்கவிட்டனர். ஆயின் அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். பழைய பயிற்சியாளருள் முக்கியமானோரும் வெளியேற, மோயஸ் தம் பழைய கழகத்தின் துணைவர்களை அழைத்து வந்தார். தலைவர், நிர்வாகி, பயிற்சியாளர் ஆகிய மூன்று தூண்களும் ஒரே பருவத்தில் பெயர்ந்தன. 2014 மார்ச்சில் மோயஸை அனுப்பிவிடுமாறு கோரும் வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு சிறுவிமானம் அரங்கின்மேல் பறந்தது. ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். 2024–25 பருவம் முடியும் வரை அக்கழகத்துக்கு மற்றொரு லீக் பட்டம் வாய்க்கவில்லை.

இப்னு கல்தூனின் கணக்கு

1377 இல் தம் 'முகத்திமா'வை எழுதிய பேரறிஞர் இப்னு கல்தூன், ஒரு குடியின் சிறப்பு பெரும்பாலும் நான்கு தலைமுறைகளில் தேய்ந்து போவதை எடுத்துக்காட்டினார். முதலாமவர் கட்டியவர், அதற்காகத் தாம் பட்ட பாடு அவருக்குத் தெரியும். இரண்டாமவர் கட்டியவரை அருகிருந்து பார்த்தவர், கேட்டுக் கற்றவர். மூன்றாமவர் வழக்கத்தைப் பார்த்துப் பின்பற்றுவதோடு நிற்பவர். நான்காமவரோ, இப்பெருமை உழைப்பால் வந்ததன்று, பிறப்பினால் தமக்கு உரியது என்று எண்ணிவிடுபவர். அங்கே வீழ்ச்சி தொடங்குகிறது. நான்கு என்ற எண்ணை மாறாத சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. அவரும் அவ்வாறு கொள்ளவில்லை. கட்டியதன் விலை மறக்கப்படும்போது கட்டடம் சாய்கிறது என்ற காரணமே முக்கியம்.

ஷாங்க்லி, பெய்ஸ்லி, ஃபேகன், டால்க்ளிஷ் என நால்வர் வரிசை 1991 பிப்ரவரியில் அறுந்தது. 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ அரங்கின் நெரிசலில் சிக்கிய ரசிகர்களுள் 97 பேர் உயிரிழந்தனர். அத்துயரத்தைச் சுமந்து, மரித்தோரின் குடும்பங்களோடு நின்று களைத்துப்போன டால்க்ளிஷ் விலகினார். பின்னர் வந்த கிரேம் சூனஸ் பெய்ஸ்லியின் அணியில் ஆடிய பெருவீரர். ஆயின் அவ்வறையில் பயிற்சியாளராக இருந்து பழகியவரல்லர். பியர்ட்ஸ்லி, மக்மஹோன், ஹூட்டன் முதலிய அனுபவசாலிகள் குறுகிய காலத்தில் விற்கப்பட்டனர். 1993 இல், பத்திரிகையாளர் கூடம் அமைப்பதற்காக அச்சிற்றறையே இடிக்கப்பட்டது. 1990 இல் பெற்ற பட்டத்துக்குப் பின், அடுத்த லீக் பட்டத்தைக் காண ரசிகர்கள் 2020 வரை, முப்பது ஆண்டுகள் காத்திருந்தனர்.

அறை இடிந்ததால் மட்டுமே கழகம் தாழ்ந்தது என்று கூறுவது நேர்மையாகாது. ஹெய்செலுக்குப் பின் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்ட ஆண்டுகளும், ஹில்ஸ்பரோவின் வேதனையும், 1992 இல் தொடங்கிய பிரீமியர் லீக்கின் பண வெள்ளத்தைப் பிற கழகங்கள் விரைந்து பயன்படுத்திக்கொண்டதும் காரணங்களே. அறையில் பழகிய ராய் எவன்ஸே 1994 முதல் 1998 வரை பொறுப்பிலிருந்தும் பட்டம் கிட்டவில்லை. மூன்றாம் தலைமுறையின் நிலை இதுவே: வழக்கம் தெரியும்; காலம் மாறிவிட்டது என்பதற்கு மருந்து தெரியவில்லை.

மீண்டும் அதே கேள்வி

2015 அக்டோபரில் வந்த ஜெர்மானியரான யூர்கன் க்ளாப், 2019 இல் ஐரோப்பியப் பட்டத்தையும், 2020 இல் லீக் பட்டத்தையும் கொணர்ந்தார். 2017 இல் வந்த எகிப்தின் முஹம்மது ஸலாஹ் கோல் அடித்ததும் களத்திலேயே ஸஜ்தா செய்வதை, அந்நகர மக்கள் பழகிய காட்சியாக ஏற்றுக்கொண்ட காலம் அது. ஒரு காலத்தில் குவில்லியம் அவர்களின் பள்ளியின்மீது கல் விழுந்த ஊர் அது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

ஆட்டக்காரரைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பில் இருந்தவர் மைக்கேல் எட்வர்ட்ஸ். ரசிகர் முகம் பார்த்தறியாத அலுவலர் அவர். 2018 ஜனவரியில் கூட்டினியோ பார்சிலோனாவுக்கு விற்கப்பட்டபோது ரசிகர்கள் கலங்கினர்; அவ்வாண்டில் வான் டைக், அலிசன் இருவரும் வந்தபின் கலக்கம் தீர்ந்தது. 2022 இல் எட்வர்ட்ஸ் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் ஓராண்டில் விலகினார். அவருக்குப் பின் வந்தவரோ தற்காலிகமாகவே இருந்தார். அப்போது ரசிகர்களிடையே எழுந்த வாதம் கவனிக்கத்தக்கது. கோல் அடிப்பவர் போவதைவிட, அலுவலகத்திலிருந்து ஒருவர் போவது ஆபத்தானது என்று பலர் வாதிட்டனர். பெயர் தெரியாத அலுவலரின் விலகலுக்காக மைதான மக்கள் கவலைப்பட்டனர் என்றால், ஐம்பது ஆண்டு அனுபவம் அவர்களுக்கு என்ன கற்பித்தது என்பது விளங்கும்.

2024 ஜனவரி 26 ஆம் நாள், பருவம் முடிந்ததும் விலகுவதாக க்ளாப் அறிவித்தார். கழகத்துக்குச் சில மாத அவகாசம் கிடைத்தது. மார்ச்சில் எட்வர்ட்ஸ் மேலும் உயர்ந்த பொறுப்பில் திரும்பி வந்தார். ரிச்சர்ட் ஹியூஸ் ஆட்டக்காரர் தேர்வுக்குத் தலைவரானார். ஹாலந்தின் ஆர்னே ஸ்லாட் புதிய மேலாளராகத் தேர்வானார். மே 19 அன்று தம் கடைசி ஆட்டம் முடிந்து கூட்டத்தின்முன் நின்ற க்ளாப், தம் பெயரைப் பாட விடாமல், வரப்போகிறவரின் பெயரைத் தாமே பாடி மக்களைப் பாடவைத்தார். ஃபெர்குசன் வேண்டிக்கொண்டதும் இதுவே. இருவர் சொல்லும் நல்ல சொல்தான். லிவர்பூலிலும் க்ளாப்பின் துணைப் பயிற்சியாளருள் முக்கியமானோர் அவருடனேயே சென்றனர். ஆயினும் இங்கே தேர்வுக் குழுவும், அணியும், ஆட்டக்காரர் பற்றிய நுண்ணிய கணக்குகளும் கலையாமல் நின்றன. இருக்கை மேடைக்கு அடியில் இருந்த அறை, வேறு வடிவில் அலுவலகத்துக்கு இடம் மாறியிருந்தது எனலாம். அந்தக் கோடையில் அணிக்கென வந்த புதியவர் ஒருவர் மட்டுமே. 2025 ஏப்ரலில், பெரும்பாலும் பழைய ஆட்டக்காரரைக் கொண்டே, கழகம் தன் 20 ஆவது லீக் பட்டத்தை வென்றது.

மகிழ்ச்சிக்கிடையே ஒரு பிணக்கும் எழுந்தது. அந்நகரிலேயே பிறந்து கழகத்திலேயே வளர்ந்த அலெக்சாண்டர்-ஆர்னால்டு, ஒப்பந்தம் முடிந்ததும் விலகுவதாக அறிவித்ததும், 2025 மே மாதத்தில் சொந்த மைதானத்திலேயே ஒரு சாரார் அவரை இகழ்ந்து கூவினர். அதனை க்ளாப் விரும்பவில்லை. இருபது ஆண்டு உறவைக் கடைசிச் சில நாள்களைக் கொண்டு எடைபோடலாமா என்பது அவ்வாதத்தின் சாரம். கீகனுக்கு நேர்ந்ததே அவர் பேரன் வயதினருக்கும் நேர்ந்தது.

நமக்குரிய பாடம்

மேன்மக்களின் வரலாற்றை விளையாட்டோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. படிப்பினையை நினைவூட்டுவதே கருத்து. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானதும், தோல்வியே காணாத தளபதி காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைத் தலைமையிலிருந்து இறக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். வெற்றி இறைவனிடமிருந்து வருவது என்பதை மறந்து, மக்கள் அதை ஒரு மனிதரிடமிருந்து எதிர்பார்க்கத் தொடங்கிவிடக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. காலித் (ரலி) அவர்களோ முகம் சுளிக்காமல், புதிய தளபதியின் கீழ் அதே படையில் போரிட்டார்கள். இறக்கியவரின் தொலைநோக்கும், இறங்கியவரின் பெருந்தன்மையும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி அது. அதே உமர் (ரலி) அவர்கள் தம் இறுதிப் படுக்கையிலும், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க அறுவர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்த பின்பே கண்ணை மூடினார்கள்.

நம் ஊர்களில் மதரஸாக்கள் உண்டு. அநாதை இல்லங்கள் உண்டு. நூலகங்களும், சங்கங்களும், இதழ்களும் உண்டு. அவற்றுள் பலவற்றை ஒரு பெரியவரின் பெயரைக் கொண்டே அழைக்கிறோம். அது அன்பின் அடையாளம். ஆனால் சாவி அவர் இடுப்பில் மட்டும் இருக்கிறதா? நன்கொடை தருவோரின் விவரம் அவர் நினைவில் மட்டும் இருக்கிறதா? வக்ஃபு சொத்தின் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை இரண்டாமவர் ஒருவர் அறிவாரா? அவருக்கு அருகில் அமர்ந்து கேட்டுக் கற்கும் இளைஞர் இருவரேனும் உண்டா? அவர் ஓய்ந்த பின், அவர் மனம் நோகாமல் வந்து அமர்வதற்கு ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறதா? இவற்றைப் பெரியவர் இருக்கும்போதே கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் தயங்குகிறோம். கேட்காமல் விட்டு, அவர் உழைப்பனைத்தும் அவரோடு அடக்கமாகும்படி பார்த்திருப்பதே பெரிய மரியாதைக் குறைவு.

புரூம் டெரஸின் கட்டடம் பதிவு அலுவலகமாக இருந்து, பின் கேட்பாரற்றுச் சிதைந்து, குவில்லியம் அவர்களின் பெயரால் அமைந்த சங்கத்தாரின் முயற்சியால் சீர்செய்யப்பட்டு, 2014 இல் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. அல்ஹம்து லில்லாஹ். பாங்கொலி நின்றதற்கும் மறுபடி எழுந்ததற்கும் இடையே 106 ஆண்டுகள் கழிந்தன. 1908 இல் அங்கே, காலிப் பெட்டிகளின்மேல் அமர்ந்து பேசிப் பழகிய நான்கு பேர் இருந்திருப்பின், அந்த நூற்றாண்டு வீணாகியிராது.